எனக்குத் தெரிந்த ஒரே அமெரிக்கர்

மகன்,

வருகிற ஞாயிற்றுக்கிழமை நீ கலிபோர்னியாவுக்குப் போகிறாய். கொம்பியூட்டர் வேலை, புது அபார்ட்மென்ட், பனி கொட்டாத ஊர் என்று எல்லாரிடமும் சந்தோசமாகச் சொல்லிக்கொண்டு திரிகிறாய். எனக்கும் சந்தோசம்தான். ஆனால் உன்னோடு ஒரு விசயம் கதைக்க வேணும் என்று இந்தக் கிழமை முழுக்க வாய் திறந்து பார்த்தேன். ஒருக்கா நீ ஃபோனில் நின்றாய், ஒருக்கா உன் சிநேகிதர்கள் வந்துவிட்டார்கள், மற்ற நேரமெல்லாம் எனக்கே சொல் வரவில்லை. அதுதான் எழுதுகிறேன். நீ தமிழ் வாசிக்கக் கொஞ்சம் சுணங்கும். பரவாயில்லை, ஞாயிறுக்கு இன்னும் நாள் இருக்கிறது. சொல்ல வந்ததை நேராகச் சொல்ல எனக்கு வராது என்பதும் உனக்குத் தெரியும். உன் அம்மா இருந்தால் "விசயத்துக்கு வாங்கோ" என்று சொல்லியிருப்பா. அவ இல்லை. அதனால் நான் என் பாட்டில் சுற்றித்தான் வரப்போகிறேன்.

நீ போகிற நாட்டில் பிறந்த ஆட்களில் எனக்குப் பழக்கமானவர் ஒரே ஒருவர்தான். பெயர் நெட் ஹார்லன். நீ அவரைக் கண்டதில்லை. அம்மா எங்களை விட்டுப் போன வருசம் நீ யூனிவேர்சிற்றியில் இருந்தாய். ஃபாக்டரியில் இரவு வேலையை விட்டுவிட்டு, நோயாளிகளையும் வயது போனவர்களையும் ஆஸ்பத்திரிக்கு ஏற்றி இறக்கும் வான் ஓட்டுகிற வேலைக்கு நான் அப்போதுதான் போய்ச் சேர்ந்தேன். பகலில் வேலை, வீட்டில் தனியாக இருக்கிற நேரம் குறையும் என்று நினைத்தேன். எங்கடை ரொறன்ரோவிலேயே, அஜின்கோர்ட்டில் ஷெப்பர்ட் ரோட்டுக்குக் கிட்ட ஒரு பழைய கட்டடத்தில் மிஸ்டர் ஹார்லன் இருந்தார். சிறுநீரகம் பழுதாகி, கிழமைக்கு மூன்று நாள் இரத்தம் சுத்திகரிக்கப் போக வேணும். எண்பதைத் தாண்டிய மெலிந்த நெடிய மனுசன். ஆஸ்பத்திரிக்குப் போவதற்குக் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு வருகிற ஒரே ஆள் அவர்தான். முதல் மாதம் "குட் மோர்னிங்" தவிர ஒன்றும் கதைக்கவில்லை. சரியான பெருமைக்காரன் என்று நினைத்துக்கொண்டேன்.

வானில் நான் எங்கடை பாட்டுக் கசெற் ஒன்றை மெதுவாகப் போட்டுக்கொண்டு ஓடுவது வழக்கம். ஒருநாள் அவர் குனிந்து சத்தத்தைக் கூட்டினார். கொஞ்ச நேரம் கண்ணை மூடிக் கேட்டார். பிறகு என்னிடம், "இந்த வயலின்காரர் எல்லாரும் ஒரு சொட்டுப் பிந்தி வருகினம். தற்செயலாப் பிந்தேல்லை, எல்லாரும் சேர்ந்து பிந்துகினம். அவையைப் பழக்கினது ஆர்?" என்று கேட்டார். (அவர் இங்கிலீஷில் சொன்னதைத்தான் எங்கடை கதையில் எழுதுகிறேன். எனக்கு அப்படித்தான் ஞாபகம் இருக்கிறது.) எனக்கு அந்தப் பாட்டை இருபது வருசமாகத் தெரியும். வயலின் பிந்துவதை அன்றுதான் கேட்டேன். "உங்களுக்கு மியூசிக் தெரியுமோ?" என்று கேட்டேன். "கொஞ்சம்" என்றார்.

அந்தக் "கொஞ்சம்" எவ்வளவு என்று ஆஸ்பத்திரியில்தான் தெரிந்தது. வாசலில் தொண்டு வேலை செய்கிற ஒரு கிழவி அவருடைய பெயர் கூப்பிடப்பட்டதைக் கேட்டுவிட்டு ஓடி வந்து, அவருடைய கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழத் தொடங்கிவிட்டா. சனிக்கிழமைகளில் அவருடைய பாண்ட் வாத்தியக் கோஷ்டியை ரேடியோவில் வைத்துவிட்டுத் தன் அக்காவோடு குசினிக்குள் ஆடுவாவாம். அவரை நேரில் பார்க்கத் தகப்பனுக்குச் சொல்லாமல் ரயில் ஏறி எல்லை தாண்டிப் பஃபலோவுக்குப் போனாவாம். மிஸ்டர் ஹார்லன் நாற்காலியை விட்டு எழும்பி நின்று, மரியாதையாகத் தலை குனிந்து, "அண்டைக்கு நாங்கள் வடிவா வாசிச்சமோ?" என்று கேட்டார். "நல்லா வாசிச்சனீங்கள்" என்றா அவ. நான் அவருடைய கோட்டைக் கையில் வைத்துக்கொண்டு வாயைப் பிளந்து நின்றேன்.

அதற்குப் பிறகு, போகிற வழியில் அவர் தன் கதையைத் துண்டு துண்டாகச் சொல்லத் தொடங்கினார். பனி கொட்டுகிற நாட்களில் வான் ஊர்ந்துதான் போகும். அந்த நாட்களில் கதை நீளும். தகப்பன் ஒஹாயோவில் ரயில்பாதை வேலைக்காரன். ஊர்த் தீயணைப்புக்காரரின் பாண்டில் கேட்பாரற்றுக் கிடந்த கோர்னெட் என்ற ஒரு பித்தளைக் குழலைத்தான் இவர் முதன்முதல் ஊதிப் பழகினாராம். மீசை அரும்ப முன்னமே வீட்டைவிட்டுப் போய், ஹோட்டல்களிலும் ஆற்றுக் கப்பல்களிலும் ஊதி, நாடே வேலையில்லாமல் கிடந்த காலத்தில் பதினாறு பேரைச் சேர்த்துச் சொந்தமாக ஒரு பாண்ட் தொடங்கியிருக்கிறார். ஒரு புகையிலைக் கொம்பனி அவர்களுக்கு ரேடியோவில் சனிக்கிழமை நிகழ்ச்சி கொடுத்த பிறகு, போகிற ஊரெல்லாம் மண்டபத்துக்கு வெளியே சனம் நின்றதாம். "என்ரை பாண்டிலை நான் திறமான ஆள் இல்லை. என்னைவிடத் திறமானவங்களைத் தேடிப் பிடிக்கிறதுதான் லீடரின்ரை முதல் வேலை. பிடிச்ச பிறகு பொறாமைப்படாமல் இருக்கிறது ரெண்டாவது வேலை. ரெண்டாவதுதான் கஷ்டம்" என்பார். மேடையில் பாண்டை நடத்தும்போது கையில் வைத்திருந்த கோல் சும்மா சனத்துக்குக் காட்டத்தானாம். பாண்ட்காரர் பார்த்தது அவருடைய தோளையாம். மகன், நீயும் ஒருநாள் நாலு பேரை வைத்து வேலை வாங்குவாய். இதை மறக்காதே.

அந்தத் திறமானவர்களில் திறமானவன் கிளைட் என்றொரு பொடியன். ட்ரம்பெட் வாசிக்கிறவன், கறுப்பினத்தவன். மற்ற எல்லாரும் வெள்ளைக்காரர். அந்தக் காலத்தில் இரண்டு நிறத்தாரும் ஒரே மேடையில் இருப்பது லேசான காரியமில்லை. கிளைட்டுக்கு ஊருக்கு ஊர் வேறு ஹோட்டல் தேட வேண்டியிருந்ததாம், சில இடங்களில் சாப்பாட்டை பஸ்ஸுக்குக் கொண்டுவந்து கொடுக்க வேண்டியிருந்ததாம். ஆனால் அவன் எழும்பி நின்று வாசித்தால் ஆடிக்கொண்டிருக்கிற சனம் ஆட்டத்தை விட்டுவிட்டு மேடைக்குக் கிட்ட வருமாம். தெற்கில் ஒரு ஊரில், மண்டபம் நிறைந்து சனம் காத்திருக்கிற நேரத்தில், மண்டபக்காரன் வந்து, "அவன் மேடையிலை ஏறேலாது. வேணுமெண்டால் திரைக்குப் பின்னாலை நிண்டு வாசிக்கட்டும்" என்று சொல்லியிருக்கிறான். மிஸ்டர் ஹார்லன் ஒரு நிமிசமும் யோசிக்கவில்லை. "அப்ப ஒருத்தரும் வாசிக்கமாட்டினம்" என்று சொல்லி, எல்லாரையும் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வெளிக்கிட்டுவிட்டார்.

இதை அவர் சொல்லும்போது வான் 401 ஹைவேயில் நெரிசலில் நின்றது. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. எங்கடை ஊரில், எங்கடை காலத்தில், இப்படி ஒருவர் எங்களுக்காக எழும்பி நின்றிருந்தால் என்று யோசித்தேன். "நீங்கள் பெரிய மனுசன்" என்று சொன்னேன். அவர் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டு, "கிளைட் அப்பிடிச் சொல்லேல்லை" என்றார்.

பஸ்ஸுக்குள் என்ன நடந்தது என்பதை அதற்கடுத்த கிழமைதான் சொன்னார். ஊரெல்லை தாண்டினதும் பின்னால் இருந்து கிளைட் எழும்பி முன்னுக்கு வந்து, பஸ் ஆடிக்கொண்டிருக்க, கம்பியைப் பிடித்துக்கொண்டு, "நீங்கள் என்னட்டைக் கேட்டனீங்களோ?" என்று கேட்டானாம். "என்னத்தை?" "வாசிக்கிறதோ விடுறதோ எண்டு. என்ரை விசயத்தை நீங்கள் அந்த மண்டபக்காரனோடை கதைச்சு முடிச்சுப்போட்டியள். நான் பக்கத்திலைதான் நிண்டனான். அவனும் என்னைப் பாக்கேல்லை. நீங்களும் என்னைப் பாக்கேல்லை." மிஸ்டர் ஹார்லனுக்குக் கோபம் வந்துவிட்டது. உனக்காகத்தானே செய்தேன் என்று கத்தியிருக்கிறார். அடுத்த ஊரில் பஸ் பெற்றோல் அடிக்க நின்றபோது கிளைட் தன் பெட்டியையும் ட்ரம்பெட்டையும் தூக்கிக்கொண்டு இறங்கிப் போய்விட்டான். பஸ் வெளிக்கிடும்போது, ஒரு கடை வாசலில், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றானாம்.

தெற்கில் இருந்த மற்ற மண்டபங்களும் ஒவ்வொன்றாகக் கதவைச் சாத்தின. புகையிலைக் கொம்பனி ரேடியோ நிகழ்ச்சியை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டது. பாண்டுக்குள்ளேயே முணுமுணுப்பு. பிறகு யுத்தம் வந்து ஆட்களைக் கூட்டிக்கொண்டு போனது. யுத்தம் முடிய, சனம் வீட்டில் டிவிக்கு முன்னால் இருக்கப் பழகிவிட்டது. பதினாறு பேர் ஒன்பது பேரானார்கள், பிறகு ஐந்து பேர். கடைசியாக ஒன்ராறியோவில் ஏரிக்கரையில் ஒரு கோடைகால ஆட்ட மண்டபத்துக்கு வாசிக்க வந்த இடத்தில், வாசலில் கோட் வாங்கி வைக்கிற ரொறன்ரோக்காரி ஒருத்தியைச் சந்தித்துக் கல்யாணம் முடித்து இங்கேயே தங்கிவிட்டார். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு பாண்ட் பழக்கியிருக்கிறார். பிள்ளைகள் அவர்களுக்கு இல்லை. மனுசி செத்து ஆறேழு வருசம். "இருபது வருசமா நான் ஒரு நாளும் தனியச் சாப்பிட்டதில்லை. பஸ்ஸிலை, ஸ்டேசனிலை, எங்கையெண்டாலும் பதினாறு பேர். பிறகு அவள் இருந்தாள். இப்ப டிவியிலை செய்தி வாசிக்கிறவனோடை இருந்து சாப்பிடுறன். அவன் நேரத்துக்கு வாறான்" என்று ஒருநாள் சொன்னார்.

அதைக் கேட்டபோது, எங்கடை மேசையில் அம்மாவின் கதிரைக்கு முன்னால் நான் ஏன் மின்சாரக் கட்டண பில்லையும் பழைய பேப்பரையும் அடுக்கி வைத்திருக்கிறேன் என்று எனக்கு விளங்கியது. வெறுமையாக இருக்கக்கூடாது என்றுதான். நீ கிழமைக்கு ஒருக்கா ஃபோன் எடுத்து "சாப்பிட்டனீங்களோ அப்பா?" என்று கேட்பாய். "ஓம்" என்பேன். நின்றபடி, கழுவுகிற தொட்டிக்குப் பக்கத்தில் வைத்துச் சாப்பிட்டேன் என்று எப்படிச் சொல்வது?

அந்தக் கிழமையில் இருந்து செவ்வாய்க்கிழமைகளில், வானைக் கொண்டுபோய் விட்டுவிட்டு, என் காரில் அவர் வீட்டுக்குப் போகத் தொடங்கினேன். அவருக்கு உப்பும் ஆகாது, பல மரக்கறியும் ஆகாது. உப்பில்லாமல் இடியப்பம் அவித்துக்கொண்டு போவேன். முதல் நாள் அதை முள்ளுக்கரண்டியால் தூக்கிப் பார்த்து, "இதை ஆர் பின்னினது?" என்று கேட்டார். நான் சிரித்தேன். அம்மா போன பிறகு நான் சத்தமாகச் சிரித்தது அன்றுதான் என்று நினைக்கிறேன். நாங்கள் பெரிதாக ஒன்றும் கதைப்பதில்லை. இரண்டு பேர் மென்று விழுங்குகிற சத்தம் இருக்கும். அது போதும்.

இரண்டாம் வருசம் கோடையில் ஒருநாள், அவர் பேப்பரில் ஒரு பக்கத்தை என்னிடம் நீட்டினார். டவுண்டவுணில் ஒரு ஹோட்டலில், ஒரு கிழமைக்கு மத்தியானமும் பின்னேரமுமாக வாசிக்க டிட்ராயிட்டில் இருந்து ஒரு ட்ரம்பெட்காரர் வருகிறார் என்று இருந்தது. வெள்ளைத் தலைமயிரோடு ஒரு கறுப்பினத்தவரின் படம். கிளைட். "கிழவனாப் போனான்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பேப்பரை மடித்தார். "போவமோ?" என்று கேட்டேன். "என்னத்துக்கு?" என்றார். அதற்குமேல் கதையில்லை.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நேரே ஹோட்டலுக்குப் போய், விசயத்தைச் சொல்லி, கிளைட்டைக் கூட்டிக்கொண்டு வந்து இவருடைய கதவில் தட்டினால் எப்படி இருக்கும் என்று வான் ஓட்டுகிற நேரமெல்லாம் யோசித்தேன். கார்ச் சாவியை எடுத்தும்விட்டேன். அப்போதுதான் அந்த பஸ் கதை எனக்கு உறைத்தது. சாவியை வைத்துவிட்டு அடுத்த நாள் அவரிடமே கேட்டேன். "நான் போய் அவரைக் கண்டு கதைக்கட்டோ? வேண்டாமெண்டால் விடுறன்." ஆஸ்பத்திரியில் இறக்கி, திரும்ப ஏற்றி, வீட்டு வாசலில் கொண்டுவந்து விட்ட பிறகுதான் அவர் படியில் நின்றபடி, "கேட்டுப் பாரும். ஆனால் எனக்குச் சுகமில்லையெண்டு சொல்லாதையும்" என்றார்.

அப்படிப்பட்ட ஹோட்டலுக்குள் நான் அதற்கு முதல் கால் வைத்ததில்லை. வான் ஓட்டுகிற உடுப்போடு போய் நின்றேன். கிளைட் ஒரு மூலையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டு இருந்தார். என் இங்கிலீஷில் தடக்கித் தடக்கிச் சொன்னேன். ஹார்லன் என்ற பெயரைக் கேட்டதும் கோப்பையைக் கீழே வைத்தார். "அவனுக்குச் சுகமில்லையோ?" என்று கேட்டார். "அதை நீங்கள் அவரிட்டைத்தான் கேக்க வேணும்" என்றேன். என்னை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். "நல்ல ஆளைத்தான் அனுப்பியிருக்கிறான். நான் அவன்ரை வீட்டுக்கு வரமாட்டன். சனிக்கிழமை இங்கை வாசிக்கிறன். அவனுக்கு ஒரு கதிரை இருக்கும். வாறதோ விடுறதோ அவன்ரை விருப்பம்."

சனிக்கிழமை மிஸ்டர் ஹார்லன் கறுப்புக் கோட்டும் சூட்டும் போட்டுக்கொண்டு, நான் போக முதலே கீழே வந்து நின்றார். கோட் அவருக்குப் பெரிதாகிப் போயிருந்தது. டொன் வலி ஹைவேயில் கார் இறங்கும்போது இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டார். சின்ன மண்டபம், பாதிச் சனம்தான். கிளைட் எங்களைக் கண்டார். ஆனால் மைக்கில் ஒன்றும் சொல்லவில்லை, கைதட்டு வாங்கிக் கொடுக்கவும் இல்லை. வாசித்தார், அவ்வளவுதான். எனக்கு அந்த மியூசிக் விளங்காது மகன். ஆனால் ஒரு இடத்தில் அவர் எங்கடை மேசைப் பக்கம் பார்த்தார். பார்த்தது மிஸ்டர் ஹார்லனின் முகத்தையல்ல, தோளை. இந்தக் கிழவன் என்ன செய்தார் தெரியுமோ, இடது தோளைக் கொஞ்சம், ஒரு நூலளவு, தாழ்த்தினார். மேடையில் சத்தம் அப்படியே தாழ்ந்தது. நான் அதைக் கண்ணால் கண்டேன்.

முடிந்த பிறகு கிளைட் வந்து எங்கடை மேசையில் இருந்தார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். நான் எழும்பப் போனேன். மிஸ்டர் ஹார்லன் என் சட்டையைப் பிடித்து இருத்திவிட்டார்.

"அண்டைக்கு நான் உன்னட்டைக் கேட்டிருக்க வேணும்" என்றார் அவர்.

"ஓம். கேட்டிருக்க வேணும்."

"கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?"

கிளைட் யோசிக்கவில்லை. "ஒருத்தரும் வாசிக்க வேண்டாம், பஸ்ஸை எடு எண்டுதான் சொல்லியிருப்பன்."

திரும்பி வரும்போது மேற்குப் பக்கம் வெயில் விழுந்துகொண்டிருந்தது. எக்லிங்டன் ரோட்டைத் தாண்டும்போது மிஸ்டர் ஹார்லன் தனக்குத்தானே சொல்கிற மாதிரி, "பஸ்ஸை எடுத்துத்தான் இருப்பம். ஆனால் ரெண்டு பேருமா எடுத்திருப்பம்" என்றார். அழுதாரா என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கக்கூடாது என்று தெரிந்தது.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு பேரும் ஃபோனில் கதைத்தார்கள். பனிக்காலம் முடிய முதல் மிஸ்டர் ஹார்லன் போய்விட்டார். ஒரு காலத்தில் நாடு முழுக்கப் பெயர் தெரிந்த மனுசனின் செத்தவீட்டுக்கு வந்தது பக்கத்து அபார்ட்மென்ட்காரி, ஒரு நேர்ஸ், நான், டிட்ராயிட்டில் இருந்து பஸ் ஏறி வந்த கிளைட், அவ்வளவு பேர்தான். கிளைட் ட்ரம்பெட் கொண்டு வரவில்லை. என் பக்கத்தில் இருந்தார். எல்லாம் முடிந்து வெளியே வரும்போது, "செவ்வாய்க்கிழமைச் சாப்பாட்டைப் பற்றி நெட் சொன்னவன். இனி நீர் ஆரோடை சாப்பிடுவீர்?" என்று கேட்டார். "மகன் படிப்பு முடிஞ்சு வீட்டை வாறான்" என்றேன். அதைச் சொல்லும்போது எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது என்று உனக்குத் தெரியாது. நீயும் வந்தாய். மேசையில் இருந்த பில்லுகளை நான் எடுத்துவிட்டேன்.

இப்போது விசயத்துக்கு வருகிறேன். போன சனிக்கிழமை நீ என்னை யூனியன்வில்லுக்கு என் தங்கச்சி, உன் மாமி வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாய். சும்மா சாப்பிட்டுவிட்டு வருவோம் என்றுதான் சொன்னாய். சாப்பிட்ட பிறகு மாமி பேஸ்மென்ட் லைட்டைப் போட்டா. புதுக் கட்டில், புது டிவி. சுவரில் அம்மாவின் படத்தைக்கூட நீ கொண்டுபோய்க் கொழுவியிருந்தாய். "அப்பாவுக்கு எல்லாம் ரெடி. இனி அப்பா தனிய இருக்கத் தேவையில்லை" என்றாய். எங்கடை அபார்ட்மென்ட்டை விடுகிறோம் என்று மனேஜரிடமும் சொல்லியாகிவிட்டது என்றாய். என் தங்கச்சி கண் கலங்கி நின்றா. நான் "நல்லது" என்றேன். கெனடி ரோட்டால் திரும்பி வரும் வழியெல்லாம் நீ சந்தோசமாகக் கதைத்துக்கொண்டு வந்தாய். நான் பேசாமல் இருந்ததை அப்பாவுக்குக் களைப்பு என்று நினைத்திருப்பாய்.

எனக்குக் கோபமில்லை மகன். அந்தக் கட்டிலை நீ எவ்வளவு பார்த்துப் பார்த்து வாங்கியிருப்பாய் என்று எனக்குத் தெரியும். நீ செய்தது சரியாகவும் இருக்கக்கூடும். ஆனால் நீ மாமியோடு கதைத்தாய், மாமாவோடு கதைத்தாய், மனேஜரோடு கதைத்தாய். நான் பக்கத்து அறையில்தான் இருந்தேன். கிளைட்டுக்கு அந்த பஸ்ஸிலேயே எழும்பி நின்று கேட்கத் துணிவு இருந்தது. எனக்கு ஒரு கிழமை பிடித்திருக்கிறது, அதுவும் கடிதத்தில்.

ஞாயிற்றுக்கிழமை எயார்போட்டுக்கு உன் சிநேகிதனை வரச் சொல்லாதே. நான்தான் ஓடுவேன். போகிற வழியில் கேள்: "அப்பா, உங்களுக்கு எங்கை இருக்க விருப்பம்?" நான் மாமி வீடு என்றும் சொல்லக்கூடும், இல்லையென்றும் சொல்லக்கூடும். உண்மையாகவே எனக்கு இன்னும் தெரியாது. ஒருத்தரும் கேட்கவில்லை, அதனால் நான் யோசிக்கவும் இல்லை. நீ கேட்டால் யோசித்துச் சொல்லுவேன். ரோட்டில் நெரிசல் இருந்தால் நல்லது.

அப்பா